ஓ.எம்.ஆர். வேலை: ஊரில் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 2006-இல் வேலைக்காகச் சென்னை வந்தேன். சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் ஓ.எம்.ஆர். சாலையிலேயே இருபதாவது ஆண்டு நடக்கிறது. இப்போது ஒரு பெரிய மென்பொருள் சேவை நிறுவனத்தில் முப்பது பேர் கொண்ட குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். கோவில் கொடைக்கு ஊருக்குப் போனால் பெரியவர்கள் கேட்கிறார்கள், படித்த கல்லூரிக்குப் போனால் பிள்ளைகள் கேட்கிறார்கள், வாட்ஸப்பில் யாராவது ஒருவர் நம்பர் வாங்கிக் கேட்கிறார். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுதாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"கம்பெனி கம்பெனிங்கிறீங்க, அங்க என்னதாம்மா செய்றீங்க? எம் பையன்கிட்ட கேட்டா 'கம்ப்யூட்டர்ல வேலை'ன்னு அதோட முடிச்சுக்கிறான்."

சித்தி, என் குழுவையே சொல்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் மருந்துக் கடைக்குப் போய்ச் சீட்டையும் காப்பீட்டு அட்டையையும் நீட்டுகிறார். கடைக்காரர் அதைக் கணினியில் போட்டதும் சில நொடிகளில் பதில் வர வேண்டும்: இந்த மருந்துக்குக் காப்பீடு உண்டா, நிறுவனம் எவ்வளவு தரும், நோயாளி எவ்வளவு தர வேண்டும். அந்தப் பதிலைக் கணக்கிட்டு அனுப்பும் மென்பொருளைப் பராமரிப்பதுதான் எங்கள் வேலை. ஒரு மருந்தின் விலை மாறினால், காப்பீட்டு விதி ஒன்று மாறினால், அதை மென்பொருளுக்குள் கொண்டுபோக வேண்டும். அது நின்றுபோனால் அங்கே கவுன்ட்டரில் வரிசை நிற்கும், இங்கே என் போன் அடிக்கும். உங்கள் பையன் வங்கிக்கோ விமான நிறுவனத்துக்கோ இதே மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருப்பான்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், இந்த வேலைக்குப் பணம் எப்படி வருகிறது என்பது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் எங்கள் நிறுவனம் விற்பது மணிக்கணக்கு. ஓர் ஆளுக்கு மணிக்கு 25 டாலர் என்று பேசியிருந்தால், மாதம் 160 மணி நேரத்துக்கு 4,000 டாலர் பில் போகும். அப்படிப் பில் போடப்படும் ஆளை 'பில்லபிள்' என்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் பையன் டைம்ஷீட் நிரப்பணும் என்று பரபரப்பது இதனால்தான். அந்த எட்டு எட்டு மணி நேரக் கட்டங்கள்தான் நிறுவனத்தின் வருமானம். கீழே வரும் பல பதில்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

"பெரிய ஐ.டி. கம்பெனின்னா எல்லாம் ஒண்ணுதானே அக்கா?"

இல்லை, மூன்று வகை. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், 1994-இல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட் போன்றவை சேவை நிறுவனங்கள். மேலே சொன்ன மணிக்கணக்கு அவர்களுடையது. ஜோஹோ மாதிரி சொந்தமாக மென்பொருள் செய்து சந்தா வாங்கி விற்பவை பொருள் நிறுவனங்கள். வெளிநாட்டு வங்கியோ கார் நிறுவனமோ தன் சொந்த வேலைக்காக இங்கே திறந்து வைத்திருக்கும் அலுவலகம் 'கேப்டிவ்', இப்போது ஜி.சி.சி. என்கிறார்கள்.

பின்னிரண்டு வகையிலும் உங்களை யாருக்கும் பில் போடுவதில்லை. அதனால் புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் 'பெஞ்ச்' என்ற பேச்சு அதிகம் இருக்காது, தொடக்கச் சம்பளமும் பொதுவாகக் கூடுதல். ஆனால் அங்கே உள்ளே போவது கடினம். ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்து, எந்தப் பொறியியல் பிரிவில் படித்திருந்தாலும் சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் தருபவை சேவை நிறுவனங்கள்தான். மெக்கானிக்கலும் சிவிலும் படித்த எத்தனை பேர் இந்த வாசல் வழியாக வந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். நானே இ.சி.இ. படித்து வந்தவள். அந்த வாசலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

"ஆஃபர் லெட்டர்ல 3.6 லட்சம்னு இருக்கு. மாசம் 30,000 வரணும்ல? 25,000 கூட வர மாட்டேங்குதே, ஏமாத்துறாங்களா?"

ஏமாற்று இல்லை, ஆனால் முதலிலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த 3.6 லட்சம் 'சி.டி.சி.'. உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தத் தொகை அது, கைக்கு வரும் சம்பளம் அல்ல. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய், உங்கள் பங்காகப் பி.எஃப்.-க்குப் போகும். நிறுவனத்தின் பங்கு இன்னொரு 1,800. அதுவும் இந்த 30,000-க்குள்தான் எழுதப்பட்டிருக்கும். ஐந்தாண்டு வேலை செய்து விலகும்போது கிடைக்கும் கிராஜுட்டிக்கு 721 ரூபாய் ஒதுக்குவார்கள். தொழில் வரி தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு அதிகபட்சம் 1,250. மருத்துவக் காப்பீடும் 'வேரியபிள்' என்ற தொகையும் போனால் 24,000 - 25,000-தான் நிற்கும்.

பி.எஃப். பணம் உங்களுடையது. அந்தக் கணக்குக்கான யு.ஏ.என். என்ற எண் ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்க அதேதான். வேலை மாறும்போது புது எண் வாங்காமல் பழையதையே கொடுங்கள். வேரியபிள் மட்டும் உறுதியில்லாத பணம். நிறுவனம் அந்தக் காலாண்டில் எப்படி நடந்தது என்பதைப் பொறுத்து முழுதாகவும் வரும், பாதியாகவும் வரும். கடன் தவணையை அதை நம்பிப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேருபவருக்கு 3 முதல் 4 லட்சம் என்ற தொகை பத்தாண்டுக்கு மேலாகப் பெரிதாக நகரவில்லை. அதே காலத்தில் துரைப்பாக்கத்து வாடகை எங்கேயோ போய்விட்டது. இதை எந்தக் கணக்கைக் காட்டியும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

"ஆஃபர் வந்து ஏழு மாசமாச்சு, ஜாயினிங் தேதி வரல. இதுக்கிடையில ஒருத்தர் 2 லட்சம் கொடுத்தா உடனே சேத்துவிடுறேங்கிறார், கொடுக்கலாமா?"

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எந்தப் பெரிய நிறுவனமும் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை. 'செக்யூரிட்டி டெபாசிட்', 'லேப்டாப் கட்டணம்' என்று என்ன பெயர் சொல்லிக் கேட்டாலும் பதில் இதேதான். மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் சொந்தப் பெயர்தானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் மணிக்கணக்குதான். எங்களுக்கு வேலை தரும் வாடிக்கையாளரான கிளையண்டிடம் புது வேலை வராமல் உங்களைச் சேர்த்தால், பில் போடாமல் சம்பளம் தர வேண்டும். ஓராண்டு கடந்தும் சேர்க்கப்படாமல் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் ஒரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற நேர்காணல்களை நிறுத்திவிடாதீர்கள். அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

"தமிழ் மீடியத்துல படிச்சேன்க்கா. வெள்ளக்காரன் பேசுறது புரியாதே, கிளையண்ட் கால்ல மாட்டிக்கிட்டா?"

இந்தக் கேள்வியை நான் வேகமாகக் கடந்து போக மாட்டேன், ஏனென்றால் நானும் இதே பயத்தோடு வந்தவள். முதல் கிளையண்ட் காலில் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார்கள். எனக்குக் கேட்டது என் பெயர் மட்டும்தான். ஸ்பீக்கர் போனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த சீனியர் அக்கா மியூட் பட்டனை அமுக்கி, "நேத்து போட்ட ஃபிக்ஸ் முடிஞ்சிருச்சான்னு கேக்குறாங்க, யெஸ் சொல்லு" என்றார். மியூட்டை எடுத்துவிட்டு "யெஸ்" என்றேன். அன்றைக்கு நான் பேசிய மொத்தமும் அவ்வளவுதான்.

அவரே மறுநாள் ஒரு வழி சொல்லித் தந்தார். காலுக்கு முன்னால் மூன்று வரி எழுதிக்கொள்: நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது தடையாக நிற்கிறது. தினமும் நடக்கும் ஸ்டாண்ட்-அப் என்ற சின்னக் கூட்டத்தில் கேட்பது இந்த மூன்றுதான். பார்த்துப் படி, தப்பில்லை. புரியாவிட்டால் சும்மா தலையாட்டாமல், "இதை மெயிலில் அனுப்ப முடியுமா" என்று கேள். நாலு மாதத்தில் காது பழகிவிடும். எனக்கு ஆறு மாதம் ஆனது.

அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் இலக்கணம் பெரிய விஷயமே இல்லை. "முடிந்துவிட்டது" என்று சொன்னால் உண்மையிலேயே முடிந்திருக்க வேண்டும், அதைத்தான் பார்க்கிறார்கள். உச்சரிப்பைக் கிண்டல் செய்பவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள்தான். என் குழுவில் அதை நான் விடுவதில்லை.

"நைட் ஷிஃப்ட் கட்டாயமா? மாப்பிள்ளை பகல் ஷிஃப்ட்டுன்னு சொன்னாங்க, ராத்திரி பதினொரு மணிக்கும் பேசிக்கிட்டே இருக்கார்."

முழு இரவு ஷிஃப்ட் என்பது பெரும்பாலும், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைக் கண்காணிக்கும் சப்போர்ட் வேலைக்கு. மற்றவர்களுக்குப் பகல் ஷிஃப்ட்தான், ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு. கிளையண்ட் நியூயார்க் நேரத்தில் காலை எட்டு மணிக்கு வந்தால் நமக்கு மாலை ஐந்தரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், நமக்கு அது ஆறரையாகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி ஐந்தரை. எங்கள் வீட்டில் என் மகளுக்கு இந்தத் தேதிகள் மனப்பாடம், ஏனென்றால் அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிட வருவாள் என்பது அதில் இருக்கிறது. கலிஃபோர்னியாக்காரர்களோடு வேலை என்றால் அவர்களின் காலை ஒன்பது மணி நமக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. மாப்பிள்ளை அந்தப் பக்கத்துக் கிளையண்டாக இருக்கலாம்.

சேரும் முன் "ஷிஃப்ட் என்ன" என்று கேட்பதைவிட "கிளையண்ட் எந்த ஊர், தினசரி கால் எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள். உண்மையான நேரம் அதில்தான் தெரியும்.

"பொம்பளப் பிள்ளைய தனியா அனுப்புறோம். பாதுகாப்புதானா?"

அண்ணாச்சி, அலுவலகத்துக்குள் பாதுகாப்புதான். இரவு நேரமானால் நிறுவனமே கேப் தரும். பெண்தான் கடைசியாக இறங்குபவள் என்றால் வண்டியில் நிறுவனத்தின் பாதுகாவலர் ஒருவர் கூட வர வேண்டும் என்பது பெரிய நிறுவனங்களின் நடைமுறை. பாதுகாவலர் இல்லையென்றால் ஏறாமல் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கு போன் செய்யச் சொல்லுங்கள். நேரமாகும்தான், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வேலையிடத்துப் பாலியல் தொல்லை தொடர்பான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் அகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். கேப்பில், ஆன்லைன் காலில், அலுவலகப் பயணத்தில் நடந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்பது புகார் ஆகாது. குழுவுக்கு எழுதியது மட்டுமே கணக்கு.

"பெஞ்ச்ல போட்டுட்டாங்கக்கா. சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறேன்னு வீட்ல சந்தோஷப்படுறாங்க, எனக்குப் பயமா இருக்கு."

பயப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் உட்கார வேண்டாம். பெஞ்ச் என்றால் பில்லபிள் இல்லாத நாட்கள். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைப்பதற்குள் எல்லாருக்கும் வருவதுதான். முன்பெல்லாம் இரண்டு மூன்று மாதம் யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது கணக்கு இறுகிவிட்டது. 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதிப்படி ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது 225 நாள் பில்லபிளாக இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதே போக்குதான்.

ஆட்களைப் புராஜெக்ட்டுக்கு ஒதுக்கும் ஆர்.எம்.ஜி.-யின் மெயிலுக்காக மட்டும் காத்திருக்காதீர்கள். பழைய குழுத் தலைவர் (டி.எல்.), கேன்டீனில் பழக்கமானவர்கள், பயிற்சியில் கூட இருந்தவர்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். என் குழுவுக்கு நான் எடுத்தவர்களில் பாதிப் பேர் யாரோ ஒருவர் "நல்ல பிள்ளை, பாருங்க" என்று சொல்லி வந்தவர்கள். வரும் புராஜெக்ட்டை "அந்த டெக்னாலஜி பிடிக்கல" என்று இரண்டாவது முறை மறுக்காதீர்கள். அந்த மறுப்பு உங்கள் பெயரில் பதிவாகும்.

"வருஷம் பூரா உழைச்சேன், ரேட்டிங் 'சராசரி'ன்னு வந்திருக்கு. மேனேஜருக்கு என் மேல கோபமா?"

கோபமாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அது இல்லை. ஒரு பிரிவில் நூறு பேர் இருந்தால் முதல்தர ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான், கடைசி ரேட்டிங் இத்தனை பேருக்காவது என்ற அளவு மேலிருந்து வந்துவிடும். மேனேஜர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து அந்த அளவுக்குள் தங்கள் ஆட்களைப் பொருத்துவார்கள். அந்த அறையில் நான் பலமுறை இருந்திருக்கிறேன். அங்கே பேசப்படுவது உங்கள் உழைப்பு முழுவதும் அல்ல, உங்களைப் பற்றி உங்கள் மேனேஜரால் ஒரு நிமிடத்தில் சொல்ல முடிந்தது மட்டும்தான். அமைதியாக வேலை செய்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே தோற்கிறார்கள். அவர்கள் செய்ததை எடுத்துச் சொல்ல யாரிடமும் ஒரு வரி இருக்காது.

அந்த ஒரு நிமிடத்துக்கான வரிகளை நீங்களே கொடுங்கள். மாதம் ஒருமுறை நாலு வரி மெயில் போதும்: எந்தப் பிரச்சினையைத் தீர்த்தேன், எவ்வளவு நேரம் மிச்சமானது, கிளையண்ட் என்ன சொன்னார். தற்பெருமை என்று தயங்காதீர்கள். எனக்கு அப்படி எழுதியவர்களுக்காக அந்த அறையில் என்னால் வாதாட முடிந்தது.

"ஆன்சைட் எப்ப போவான்? பொண்ணு வீட்ல கேக்குறாங்க."

ஆன்சைட், அதாவது கிளையண்டின் நாட்டுக்கே போய் வேலை செய்வது. அதை வைத்துச் சம்பந்தம் பேசாதீர்கள் மாமா. அமெரிக்க எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடம், அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. விண்ணப்பம் பல மடங்கு வருவதால் மார்ச்சில் குலுக்கல். 2025 செப்டம்பரில் புது எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். முதல் பதிலில் சொன்ன கணக்கோடு வைத்துப் பாருங்கள்: இங்கிருந்து ஓர் ஆளுக்குப் போடும் இரண்டாண்டுப் பில்லே 96,000 டாலர்தான். ஒரே நிறுவனத்தில் ஓராண்டாவது வேலை செய்தவரை அனுப்பும் எல்-1 வழி இன்னும் இருக்கிறது, ஆனால் அது குறுகலானது.

"பாண்டுல கையெழுத்து வாங்கிட்டாங்க. பாதியில விட்டா ஜெயிலா? 90 நாள் நோட்டீஸ் வேற சொல்றாங்க."

ஜெயில் இல்லை, இது குற்றவியல் விஷயமே அல்ல. பயிற்சிக்குச் செலவழித்த தொகையை நியாயமான அளவில் திரும்பக் கேட்கும் ஒப்பந்தம் செல்லும். 2025 மே மாதத்தில் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்றாண்டு முடிக்காமல் போனால் 2 லட்சம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. "வேறு கம்பெனிக்கே போகக் கூடாது" என்று எழுதியிருந்தால் அந்தப் பகுதியை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவைக் காட்டி எதிர்க்கலாம். உங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் விடாதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்கிவிடுங்கள்.

90 நாள் பெரிய தலைவலிதான். சேரப்போகும் இடத்தில் சீக்கிரம் வா என்பார்கள், இருக்கும் இடத்தில் ரிலீஸ் தர மாட்டேன் என்பார்கள். பேப்பர் போட்ட, அதாவது ராஜினாமா கொடுத்த அன்றே, உங்கள் வேலையைச் சொல்லிக்கொடுக்கும் கே.டி.-யை யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே ஒரு திட்டம் எழுதி மேனேஜரிடம் கொடுங்கள். உங்கள் இடத்துக்கு ஆள் தயாரானால் அறுபது நாளில் விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் ஓடிவிட்டால், முறையாக விலகியதற்கான ரிலீவிங் லெட்டர் வராது, அது அடுத்த வேலையில் வந்து நிற்கும். ஐந்தாண்டு முடியச் சில மாதம்தான் இருக்கிறது என்றால் பொறுத்துப் போங்கள். கிராஜுட்டி கணக்கு இதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வேலை செய்த ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். அடிப்படை 40,000, ஆறாண்டு என்றால் 1,38,461 ரூபாய்.

"வேளச்சேரில ஒரு கன்சல்டன்சி ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றாங்களாம். எல்லாரும் செய்றாங்களே?"

பொய் அனுபவச் சான்றிதழ் வேண்டாம் தம்பி. சேர்ந்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். மேலே சொன்ன யு.ஏ.என். எண்ணில் நீங்கள் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் இருந்தீர்கள் என்பது வரிசையாக இருக்கிறது. மூன்றாவது ஆண்டில் மாட்டி, திருமணமான இரண்டாவது மாதம் வெளியே அனுப்பப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனத்தில் வேலை செய்வதும் இதே வழியில்தான் மாட்டும். 2022-இல் விப்ரோ அப்படி 300 பேரை வெளியேற்றியதாக அதன் தலைவரே சொன்னார்.

"குழந்தை பெத்துட்டு வந்தா பழைய இடம் இருக்குமா அக்கா?"

விடுப்பு உறுதியாக உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

வேலை இருக்கும், ஆனால் அதே நாற்காலி இருக்காது. ஆறு மாதம் பில் போகாத இடத்தில் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள், நீங்கள் பெஞ்சில் வந்து இறங்குவீர்கள். எனக்கும் அதுதான் நடந்தது, அந்த ஆண்டு ரேட்டிங்கும் கீழே போனது. அப்போது நான் எதிர்த்து எழுதவில்லை. இப்போது என் குழுப் பெண்களிடம் சொல்கிறேன்: விடுப்புக்குப் போகும் முன் அதுவரைக்கான மதிப்பீட்டை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஆர்.எம்.ஜி.-க்கு எழுதுங்கள்.

"ஏ.ஐ. வந்துருச்சு. இனி இந்தப் படிப்பு படிக்க வைக்கலாமா?"

படிக்க வைக்கலாம், ஆனால் பழைய கணக்கோடு அல்ல. எங்கள் நிறுவனங்கள் பிரமிடு மாதிரி. அடியில் குறைந்த சம்பளத்தில் நிறையப் புதியவர்கள், மேலே கொஞ்சம் மூத்தவர்கள். கிளையண்ட் தரும் மணி விலை பெரிதாக ஏறாது. புதியவர்கள் நிறைய இருந்தால்தான் லாபம் நிற்கும். பத்துப் பேர் எழுதிய சோதனை நிரல்களை ஏ.ஐ. துணையோடு ஆறு பேர் எழுதிவிட முடியும் என்றானதும் கிளையண்ட் விலையைக் குறைக்கச் சொல்கிறார். என் குழுவிலேயே இந்த ஆண்டு அப்படி நடந்தது. முதலில் அடிபடுவது புதிதாக ஆள் எடுப்பதும், சம்பளம் ஏறிப்போன பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவக்காரர்களும்தான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டை, ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடு, மேல் நிலைகளில் இருப்பவர்கள் என்றே சொன்னது.

படிக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது: ஏ.ஐ. எழுதித் தரும் நிரல் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லும் அளவுக்கு அடிப்படையைக் கற்றுக்கொள். கூடவே ஒரு தொழிலையும் உள்ளே போய்த் தெரிந்துகொள். மருந்துக் காப்பீட்டில் மறுக்கப்பட்ட ஒரு கோரிக்கை ஏன் மறுக்கப்பட்டது என்று விளக்கத் தெரிந்தவர்களைக் கிளையண்ட் இன்னும் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்.

"ஹெச்.ஆர். கூப்பிட்டு, 'நீங்களே பேப்பர் போட்டுடுங்க, நல்ல லெட்டர் தர்றோம்'ங்கிறாங்க. என்ன செய்யட்டும்?"

அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன், இதை மெயிலில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். நீங்களாகப் பேப்பர் போட்டால் அது பதவி விலகல், பிறகு பணிநீக்கம் என்று எங்கும் போய்க் கேட்பது கடினம். சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், மதிப்பீட்டு முடிவுகள் எல்லாவற்றையும் ஒவ்வோர் ஆண்டும் எடுத்து வைத்திருக்க வேண்டும். கிளையண்ட் சம்பந்தப்பட்ட ஒரு கோப்பையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதையே காரணமாக்கி நீக்குவார்கள்.

ஐ.டி.-க்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது தவறு. 2015 ஜனவரியில் ஒரு கர்ப்பிணிப் பொறியாளரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 2016-இல் ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. மேலாளர் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் உங்கள் பட்டத்தில் 'மேனேஜர்' என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரை முதல் வாரத்திலேயே பாருங்கள். இழுத்தடித்துப் போராட வீட்டு நிலைமை இடம் கொடுக்காவிட்டால், குறைந்தது எத்தனை மாதச் சம்பளம் தருகிறார்கள், காப்பீடு எதுவரை ஓடும் என்பதைப் பேசி எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.

"நீங்களும் மேனேஜர்தானே. யாரையாவது அப்படி வெளிய அனுப்பியிருக்கீங்களா?"

ஒரு கல்லூரிக் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். ஆமாம், இரண்டு பேரை. ஒருவர் பதினான்கு ஆண்டு வேலை செய்தவர், என்னைவிட மூத்தவர். அவருக்கு அந்த ஆண்டு கடைசி ரேட்டிங் போட்டது நான். மேலிருந்து வந்த அளவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அவர் மெயில் எழுதாதவர், அமைதியாக வேலை பார்ப்பவர். நாலாவது மாடியில் சின்ன அறை, மேசையில் நாலு தண்ணீர் பாட்டில். ஹெச்.ஆர். பேசி முடிக்கும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "மேடம், ஐ.டி. கார்டை இப்பவே கொடுத்துடணுமா? ஏழு மணி பஸ்ஸுல வீட்டுக்குப் போகணும், கார்டு இல்லன்னா ஏத்த மாட்டாங்க" என்றார். நாளைக்குத் தாருங்கள் என்றேன். மறுநாள் காலையில் வந்து, வரவேற்பு மேசையில் ஓர் உறையில் போட்டு என் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஆண்டிலிருந்து என் குழுவில் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். முப்பது பேருக்கு எழுத இரண்டு சனிக்கிழமை ஆகிறது. தாங்களாக எழுதத் தெரியாதவர்களை உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் செய்ததை நானே குறித்துக்கொள்கிறேன். அளவு இன்னும் மேலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.